ஆகாயத்தின் கணக்குப் பேரேடு

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மில் பலருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போலத் தோன்றலாம். எண்ணிச் சொல்ல முடியாத தூரத்திலிருக்கும் நக்ஷத்திர மண்டலங்களைப்பற்றி உலகத்து விஞ்ஞானிகள் எழுதி வைத்திருக்கும் கணக்குகளை, இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டே, கையிலிருக்கும் செல்போன் மூலமாக, யாருடைய தயவும் இல்லாமல் நாமே எடுத்துப் பார்ப்பது எப்படி என்பதும், அப்படிப் பார்ப்பதனால் நமக்கு என்ன லாபம் என்பதுமே அவ்விஷயம். "அரிசி விலை ஏறிக்கிடக்கின்றது, பையனுக்கு வேலை கிடைக்கவில்லை, இந்த மனிதர் நக்ஷத்திரக் கணக்குப் பேச வந்துவிட்டாரே!" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களை நான் குற்றஞ் சொல்லமாட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டுப் பிறகு எந்த முடிவுக்கு வேண்டுமானாலும் வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுகின்றேன்.

தோழர்களே! முன்பெல்லாம் நமது கிராமங்களில் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம். உழுதவன் நீயாக இருக்கலாம். ஆனால் சிட்டாவில் என்ன எழுதியிருக்கின்றது என்பது உனக்குத் தெரியாது. அவர் சொன்னதுதான் எல்லை. அவர் காட்டினதுதான் வரப்பு. இன்றோ சிட்டாவை இணையத்தில் நாமே பார்த்துக்கொள்ளுகின்றோம். பார்த்தவுடன் நிலம் ஒரு குழிகூட அதிகமாகிவிடவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் ஒருவன் நம்மை ஏமாற்றுவதற்கு இருந்த வழி ஒன்று அடைபட்டுப் போயிற்றா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகாயத்தின் சங்கதியும் இப்படித்தான் இருந்து வந்தது. "மேலே என்ன இருக்கின்றது?" என்று நம் பாட்டன் கேட்டால், "அது உனக்கு விளங்காது, பெரியவர்களுக்குத் தெரியும்" என்பது பதில். எந்தப் பெரியவர்? எப்போது பார்த்தார்? எந்தக் கருவியால் அளந்தார்? அளந்ததில் எவ்வளவு பிசகு இருக்கக்கூடும்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்க இடமே இல்லை. கேட்டவன் அதிகப்பிரசங்கி. இன்றைக்கோ இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுதி வைத்து, கதவைத் திறந்து போட்டு, "வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பேரேடுகள் இருக்கின்றன. அவற்றைப்பற்றித்தான் பேசப்போகின்றேன்.

முதலில் இவை எப்படி உண்டாயின என்று பார்ப்போம். பிரான்சு தேசத்தில் சார்லஸ் மெஸ்ஸியே என்று ஒருவர் இருந்தார். வால் நக்ஷத்திரம் தேடுவது அவருடைய தொழில். வால் நக்ஷத்திரம்போலவே மங்கலாகத் தெரிந்து, ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகராமல், அவரை ஏமாற்றிக்கொண்டிருந்த பொருள்கள் பல. "இவற்றைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்பதற்காக அவர் ஒரு ஜாபிதா தயாரித்தார். 1781-ல் வெளியான அந்த ஜாபிதாவில் 103 பொருள்கள் இருந்தன. பிறகு 1888-ல் அயர்லாந்தின் ஆர்மா வானாராய்ச்சி நிலையத்திலிருந்த டிரேயர் என்பவர் 7,840 பொருள்கள் அடங்கிய புதிய பொது ஜாபிதா ஒன்றை வெளியிட்டார். இன்றைக்கும் 'எம்' என்று தொடங்கும் எண் மெஸ்ஸியேயின் ஜாபிதாவையும், 'என்ஜிசி' என்று தொடங்கும் எண் டிரேயரின் ஜாபிதாவையும் குறிக்கும். ஆனால் அக்காலத்தில் இந்தப் புத்தகங்கள் வானாராய்ச்சி நிலையங்களிலும், பெரிய நூல்நிலையங்களிலும் மட்டுமே இருந்தன. நம்மைப் போன்றவர்கள் அட்டையைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

1972-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் வானியல் கணக்குகளைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. அது நடத்தும் பேரேட்டுக்கு 'சிம்பாட்' என்று பெயர். நமது சூரிய குடும்பத்திற்கு வெளியே உள்ள ஒரு கோடிக்கு மேற்பட்ட பொருள்களுக்கு அதில் பதிவு இருக்கின்றது. சூரிய குடும்பத்திற்கு வெளியே என்பதைக் கவனியுங்கள். ஆகையால் அங்கே போய்ச் சனி எங்கே, குரு எங்கே என்று தேடுகிறவர்கள் ஏமாந்துதான் திரும்பவேண்டும். (சிரிப்பு) அமெரிக்காவில் பாசடீனா நகரத்திலிருந்து 'நெட்' என்ற மற்றொரு பேரேடு 1990 முதல் நடந்து வருகின்றது. அது நமது பால்வீதிக்கும் வெளியே உள்ள நக்ஷத்திர மண்டலங்களுக்கென்றே ஏற்பட்டது. நியூ மெக்சிகோவில் இரண்டரை மீட்டர் அகலமுள்ள தூரதிருஷ்டிக் கண்ணாடியால் 2000 முதல் ஆகாயத்தை ஆராய்ந்து வரும் 'ஸ்லோன்' அளவையின் படங்களும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. 'ஆலாடின்' என்ற ஸ்ட்ராஸ்பூர்க் படப்புத்தகத்தில் வேண்டிய திசையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரைகளைத் தேடி எடுப்பதற்கு ஹார்வர்டிலிருந்து நடக்கும் 'ஏடிஎஸ்' என்ற கட்டுரைக் களஞ்சியம் இருக்கின்றது. இவற்றில் எதற்கும் காலணா கட்டணம் கிடையாது.

கட்டணம் மாத்திரமல்ல; யோக்கியதாப் பத்திரமும் கேட்பதில்லை. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியேறியவன் நான். வாலிப வயதில் ஒரு நூல்நிலையத்தில் வானசாஸ்திரப் புத்தகம் ஒன்று கேட்டபோது, "நீர் என்ன பரீக்ஷை தேறியிருக்கின்றீர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பேரேடு என்னை அப்படி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உன் ஜாதி என்ன, ஊர் என்ன, படிப்பு என்ன என்று கேட்காமல், "உனக்கு எந்தப் பொருளைப்பற்றித் தெரியவேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கின்றது. ஒரு கட்டம் இருக்கும். அதில் பெயரை எழுதவேண்டியதுதான் வேலை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளுவோம். ஐப்பசிக் கடைசியிலும், கார்த்திகை மாதத்திலும், நிலவில்லாத இரவில், விளக்கு வெளிச்சமில்லாத வயல்வெளியில் நின்றுகொண்டு, சுமார் 9 மணிக்கு வடக்குப் பக்கம் உயரத்தில் பார்த்தால், சுண்ணாம்பு விரலால் தடவினது மாதிரி ஒரு மங்கலான திட்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். பாரசீகத்திலிருந்த அல் சூஃபி என்பவர் 964-ல் இதைச் 'சிறு மேகம்' என்று குறித்து வைத்தார். மெஸ்ஸியேயின் ஜாபிதாவில் இதன் எண் 31. இங்கிலீஷ் எழுத்தில் எம் என்று எழுதி, பக்கத்தில் 31 என்று போட்டு, பேரேட்டில் தேடுங்கள். உடனே பதில் வரும். இது நக்ஷத்திரமல்ல, நக்ஷத்திர மண்டலம் என்று முதல் வரியிலேயே இருக்கும். ஆகாயத்தில் அது இருக்கும் இடம், நம் ஊர் அட்சரேகை தீர்க்கரேகைபோல இரண்டு எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். வேகம் என்ற இடத்தில் விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் என்றும், அதன் முன்னால் கழித்தல் குறியும் இருக்கும். கழித்தல் என்றால் நம்மை நோக்கி வருகின்றது என்று அர்த்தம்.

அதற்குக் கீழே பெயர்களின் வரிசை ஒன்று வரும். எம் 31 என்பதும், என்ஜிசி 224 என்பதும், ஆண்ட்ரோமீடா மண்டலம் என்பதும் ஒன்றுதான். நம்மில் ஒருவனுக்கு ரேஷன் அட்டையில் ஒரு பெயரும், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயரும், வீட்டில் ஒரு பெயரும் இருப்பதில்லையா? எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் எத்தனை ஆபீசுகளுக்கு நடக்கவேண்டியிருக்கின்றது! ஆகாயத்திலும் அதே தொல்லைதான். ஒவ்வொரு தூரதிருஷ்டிக் கண்ணாடிக்காரரும் தாம் கண்டதற்குத் தம் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒரே பொருள்தான் என்று ஒத்துப்பார்த்துச் சேர்ப்பதே சிம்பாட்டின் முக்கியமான உழைப்பு. அதற்கும் கீழே, இந்த மண்டலத்தைப்பற்றி எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் விவரம் வருஷவாரியாக இருக்கும்.

நிற்க. இந்த மண்டலத்தின் தூரத்தைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் ஹென்ரியேட்டா லீவிட் என்ற அம்மையார் கூலிக்குக் கண்ணாடித் தகடுகளைப் பார்த்து நக்ஷத்திரங்களின் ஒளியை அளக்கும் வேலையில் இருந்தார். காது சரியாகக் கேளாதவர். ஒளி ஏறி இறங்கும் ஒருவகை நக்ஷத்திரங்களில், ஏறி இறங்க அதிக நாள் எடுத்துக்கொள்ளுவது அதிகப் பிரகாசமுள்ளது என்ற விதியை அவர் 1912-ல் வெளியிட்டார். ஒரு விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றது என்பதைக்கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று சொல்லிவிடலாமல்லவா? 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் என்பவர் மவுண்ட் வில்சன் மலையிலிருந்து ஆண்ட்ரோமீடாவில் அப்படிப்பட்ட நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டார். அம்மையாரின் விதியைப் போட்டுப் பார்த்தார். சுமார் 9 லக்ஷம் ஒளியாண்டு என்று கணக்கு வந்தது. ஒளியாண்டு என்பது, விநாடிக்கு 3 லக்ஷம் கிலோமீட்டர் போகும் ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம். மங்கலான மேகம் என்று நினைத்தது தனி உலகம் என்பதும், பால்வீதியோடு பிரபஞ்சம் முடிந்துவிடவில்லை என்பதும் அப்போதுதான் நிச்சயமாயிற்று.

ஆனால் அந்த 9 லக்ஷம் தப்பு! அப்படிப்பட்ட நக்ஷத்திரங்களில் இரண்டு ஜாதி உண்டு, இரண்டையும் கலந்து கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று வால்ட்டர் பாடே என்பவர் 1952-ல் எடுத்துக்காட்டினார். உடனே தூரம் சுமார் இரண்டு மடங்காயிற்று. இன்றைய கணக்கு சுமார் 25 லக்ஷம் ஒளியாண்டு. ஹப்பிள் எழுதிய பழைய கட்டுரையை யாராவது எரித்துவிட்டார்களா? இல்லை. அவர் பெரிய மனிதர், அவர் வாக்கில் பிசகு சொல்லக்கூடாது என்று யாராவது தடுத்தார்களா? அதுவும் இல்லை. 1929-ல் அவர் இதைப்பற்றி எழுதிய நீண்ட கட்டுரையின் பக்கங்களை ஏடிஎஸ் களஞ்சியத்தில் இன்றும் எடுத்துப் படிக்கலாம். நெட் பேரேட்டைத் திறந்தால், பின்னால் வந்தவர்கள் அளந்த தூரங்கள் நூற்றுக்கு மேல் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கொன்று கொஞ்சங் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளந்த முறை, பிசகின் அளவு, எழுதிய வருஷம், எழுதினவர் பெயர் எல்லாம் உண்டு. நான் முதலில் சொன்ன நான்கு கேள்விகளும் ஞாபகத்தில் இருக்கின்றனவா? நான்குக்கும் பதில் ஒரே வரியில்!

இதே மண்டலத்தைப்பற்றி மற்றொரு சங்கதி. இது நமது பால்வீதியோடு சுமார் 400 கோடி வருஷத்தில் மோதப்போவது நிச்சயம் என்று 2012-ல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. 2025-ல் வேறு சில விஞ்ஞானிகள் இன்னும் நுட்பமான அளவைகளைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டு, அடுத்த 1,000 கோடி வருஷத்திற்குள் மோதுவதற்கு நூற்றுக்குச் சுமார் ஐம்பது பங்குதான் இடமிருக்கின்றது என்று எழுதினார்கள். "அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்லுகின்றாய், இதுதானா உங்கள் விஞ்ஞானம்?" என்று பரிகாசம் பண்ணுகிற பண்டிதர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: தராசைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் படிக்கல்லைத் திருத்திக்கொள்ளுகிறவன் கடையில் சாமான் வாங்குவீர்களா? அல்லது என் தாத்தா காலத்துப் படிக்கல், அதைச் சோதிப்பதே பாவம் என்கிறவன் கடையில் வாங்குவீர்களா?

இனித் தூரத்தை நாமே கணக்குப் போடும் வழி ஒன்றைச் சொல்லுகின்றேன். மனக்கணக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் போடலாம். பிரபஞ்சவெளி விரிந்துகொண்டிருப்பதால், வெகு தூரத்திலிருந்து வரும் ஒளியின் அலை வழியிலேயே நீண்டு, சிவப்புப் பக்கமாக நகர்ந்துவிடுகின்றது. இதைச் 'செம்பெயர்ச்சி' என்பார்கள். ஜலவாயு, அதாவது ஹைட்ரஜன், விடும் சிவப்பு ஒளியின் அலை நீளம் 656 நானோமீட்டர். ஐசி 2497 என்ற மண்டலத்திலிருந்து அதே ஒளி 689 நானோமீட்டராக வந்து சேருகின்றது. நூற்றுக்கு ஐந்து பங்கு நீண்டிருக்கின்றது. ஆகவே பேரேட்டில் அதன் செம்பெயர்ச்சி 0.05 என்று இருக்கும். இதை ஒளியின் வேகமாகிய 3 லக்ஷத்தால் பெருக்கினால் விநாடிக்கு 15,000 கிலோமீட்டர். அதை 70-ஆல் வகுத்தால் 214. அதை 32.6 லக்ஷத்தால் பெருக்கினால் சுமார் 70 கோடி ஒளியாண்டு. இதுதான் அந்த மண்டலத்தின் தூரம். அந்த 70 என்பது பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் எண். அதிலும் ஒரு தகராறு உண்டு. ஒரு முறையில் அளப்பவர்களுக்கு 67, 68 என்று வருகின்றது. மற்றொரு முறையில் அளப்பவர்களுக்கு 73 என்று வருகின்றது. இரண்டு கட்சியும் தங்கள் கணக்கைப் பகிரங்கமாக வைத்துவிட்டு வாதாடிக்கொண்டிருக்கின்றார்கள். நீங்கள் 67-ஆலும், 73-ஆலும் வகுத்துப் பார்த்து, தூரம் எவ்வளவு மாறுகின்றது என்று வீட்டில் போட்டுப் பாருங்கள்.

இந்த ஐசி 2497-ஐ நான் காரணமில்லாமல் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்லோன் அளவையில் லக்ஷக்கணக்கான மண்டலங்களின் படங்கள் குவிந்துவிட்டன. அவற்றை வகைப்படுத்த விஞ்ஞானிகளுக்குக் கண்ணும் போதவில்லை, ஆயுளும் போதவில்லை. ஆகவே 2007 ஜூலையில் ஆக்ஸ்போர்டிலிருந்த விஞ்ஞானிகளும் அவர்களது கூட்டாளிகளும் 'கேலக்ஸி ஸூ' என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, சுமார் 9 லக்ஷம் படங்களை இணையத்தில் போட்டு, "பொதுஜனங்களே! இது உருண்டையா, சுருளா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். முதல் வருஷத்திலேயே ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஐந்து கோடிக்கு மேற்பட்ட பதில்களைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாலந்து தேசத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயினி ஹானி வான் ஆர்கல். அவர் இந்த மண்டலத்தின் பக்கத்தில் விசித்திரமான மேகம் ஒன்று இருப்பதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை. பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகளைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்த மண்டலத்தின் நடுவில் முன்பு கடும் பிரகாசமாயிருந்து பிறகு அடங்கிப்போன ஒன்றின் வெளிச்சம் பட்டு, அந்த வாயு மேகம் இன்னும் ஒளிவிட்டுக்கொண்டிருக்கின்றது என்று முடிவு செய்தார்கள். அடுப்பு அணைந்தபிறகும் சுவரில் அனல் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த அம்மையாரின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கின்றது. அந்த மேகமும் இன்று 'ஹானியின் பொருள்' என்ற கருத்துள்ள டச்சுப் பெயரால்தான் வழங்குகின்றது. கேள்வி கேட்டவரை "நீ யார் கேட்பதற்கு?" என்று அடக்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

ஜனங்கள் சொன்னது எல்லாம் சரி என்றும் விஞ்ஞானிகள் வாங்கிக்கொள்ளவில்லை. சுருள் மண்டலங்களைப் பார்த்தவர்களில், இடஞ்சுழி என்று சொன்னவர்கள் வலஞ்சுழி என்று சொன்னவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். பிரபஞ்சமே ஒரு பக்கமாகச் சுழலுகின்றதோ என்ற பெரிய கேள்வி எழுந்தது. நம்மூராக இருந்தால் இதற்குள் ஒரு தலபுராணம் எழுதியிருப்பார்கள். (சிரிப்பு) அவர்களோ அதே படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றித் திரும்பக் காட்டினார்கள். அப்போதும் ஜனங்கள் இடஞ்சுழி என்றே அதிகமாகச் சொன்னார்கள்! ஆகவே கோணல் ஆகாயத்தில் இல்லை, பார்க்கிறவன் கண்ணிலும் புத்தியிலும் இருக்கின்றது என்று தெரிந்தது. தோழர்களே! "நான் கண்ணால் கண்டேன்" என்று சத்தியம் செய்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொய் சொல்லாத மனிதனும், தன்னை அறியாமலே தப்பாகப் பார்க்கக்கூடும். அதனால்தான் சோதனை வேண்டும் என்கின்றோம்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? இப்போது அதற்கு வருகின்றேன். 'கடவுளின் கண்' என்று ஒரு படம் செல்போனுக்குச் செல்போன் சுற்றி வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீலக் கருவிழியும், சிவந்த இமையுமாக ஒரு பெரிய கண். "நாசா எடுத்த படம், 3,000 வருஷத்துக்கு ஒருமுறைதான் தெரியும், பார்த்தவர்கள் நினைத்தது நடக்கும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்கிற மாதிரி அதன் கீழே எழுதியிருக்கும். படம் மெய். 2003-ல் வெளியிடப்பட்டது. கீழே எழுதியதுதான் பொய். அதன் எண் என்ஜிசி 7293. பேரேட்டில் போட்டுப் பாருங்கள். நம் சூரியனைப் போன்ற ஒரு நக்ஷத்திரம் ஆயுள் முடிந்து சாகும்போது வெளியே தள்ளிய வாயு அது. தூரம் சுமார் 650 ஒளியாண்டு. டிரேயரின் எண் அதற்கு இருப்பதிலிருந்தே 1888-லேயே அது ஜாபிதாவில் ஏறிவிட்டது என்று தெரிகின்றது. அப்படியிருக்க 3,000 வருஷத்துக்கு ஒருமுறை என்பது எங்கிருந்து வந்தது? கும்பராசிப் பக்கம் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பினால் வருஷந்தோறும் தெரிகின்ற வஸ்து அது. நீலமும் சிவப்புங்கூட, வெவ்வேறு வாயுக்களின் ஒளியைப் பிரித்துக் காட்டுவதற்காக விஞ்ஞானிகள் படத்தில் ஏற்படுத்திய நிறங்கள்.

முன்பு ஜனங்களை ஏமாற்ற, "ரிஷிகள் சொன்னார்கள்" என்றார்கள். அந்தச் சரக்கு இப்போது சரியாக விலைபோகவில்லை. ஆகவே "நாசா சொல்லிவிட்டது" என்று லேபிள் மாற்றி அதே சரக்கை விற்கின்றார்கள். நம் பிள்ளைகளும், படித்தவர்களும், நாசா என்றவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றார்கள். இது பகுத்தறிவா? ரிஷி பெயரைக் கேட்டு நம்புவதும், நாசா பெயரைக் கேட்டு நம்புவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றது. யார் சொன்னாலும், "எந்தப் பொருள்? அதன் எண் என்ன? யார் அளந்தார்? கட்டுரை எங்கே?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் பேரேட்டில் பார்க்கலாம். பதில் இல்லாவிட்டால் அவன் சொல்லுவது வெறும் கதை என்று தெரிந்துகொள்ளலாம்.

நக்ஷத்திரம் என்று சொல்லி நம்மிடம் பணம் பறிக்கும் தொழிலுக்கும் இதே மருந்துதான். ரோகிணி என்று நம்மவர்கள் சொல்லும் நக்ஷத்திரத்தை மேல்நாட்டில் ஆல்டெபரான் என்பார்கள். பேரேட்டில் அதன் தூரம் சுமார் 65 ஒளியாண்டு என்று கணக்கு வரும். அப்படியானால் இன்றைக்கு நாம் பார்க்கும் ரோகிணியின் ஒளி 65 வருஷத்திற்கு முன்னால் அங்கிருந்து புறப்பட்டது. இன்று காலையில் பிறந்த குழந்தையின் தாயார்கூட அப்போது பிறக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று அந்த ஒளி தெரிந்துகொண்டு புறப்பட்டதாம்! நம்புகிறவர்கள் நம்புங்கள், ஆனால் நம்புவதற்கு முன்னால் ஒருதரம் பேரேட்டைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கு எதற்கு என்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கின்றேன். ஆர் ரெடிகுலி என்று அதே பேரேட்டில் தேடிப் பாருங்கள். தெற்குத் திசையில், பல மாதங்களுக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்கும் நக்ஷத்திரம் அது. அப்படி மாறுகின்றது என்பதை 1867-ல் கண்டவர் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அது என்ன என்று ஜனங்களுக்கு விளக்கித் தமிழ் உட்படப் பல பாஷைகளில் சிறு புத்தகம் போட்டவரும் அவரே. ஆகவே சென்னையிலிருந்து கண்ட ஒன்றும் அந்த உலகப் பேரேட்டில் இருக்கின்றது. அவர் உட்கார்ந்து பார்த்தது சாஸ்திர ஏட்டை மட்டுமல்ல, ஆகாயத்தை! அதனால்தான் பெயர் நின்றது.

இனி இந்தப் பேரேடுகளை உபயோகிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். எண்ணைப் பார்த்தவுடன் பக்கத்தில் பிசகின் அளவு எவ்வளவு என்று பாருங்கள். பிசகு பெரிதாயிருந்தால் அந்த எண்ணை ஓங்கிச் சொல்லாதீர்கள். அளந்த வருஷத்தைப் பாருங்கள். ஒரே பேரேட்டோடு நின்றுவிடாமல் இரண்டிலும் ஒத்துப்பாருங்கள். சிம்பாட்டில் ஒரு எண்ணும், நெட்டில் சற்று மாறுபட்ட எண்ணும் இருந்தால், எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தார்கள் என்று தேடுங்கள். பேரேட்டிலும் தப்பு உண்டு. கோடிக்கணக்கான பதிவுகளை எழுதுகிறவர்கள் மனிதர்கள்தானே! தப்பு என்று தோன்றினால் எழுதித் தெரிவியுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொள்ளுகின்றார்கள். தன்னில் தப்பு இருந்தால் சொல்லு என்று கேட்கும் ஏடு ஒன்று உலகத்தில் இருக்கின்றது என்பதே நமக்கு ஒரு பெரிய படிப்பினை அல்லவா?

கஷ்டம் ஒன்று இருக்கின்றது. இவை இங்கிலீஷில் இருக்கின்றன. தமிழில் எழுதித் தேடினால் அகப்படாது. ஆனால் பயப்படவேண்டியதில்லை. பேரேட்டைப் படிக்க வேண்டிய வார்த்தைகள் இருபது முப்பதுக்கு மேல் போகாது; மற்றதெல்லாம் எண்கள். பஸ்ஸின் பலகையையும், மருந்துச் சீட்டையும், வங்கிக் கடுதாசியையும் இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டுவிட்ட ஜனங்கள் நாம். அந்த இருபது முப்பது வார்த்தைகளையும் தமிழ் அர்த்தத்தோடு ஒரு அட்டையில் எழுதி இந்த வாசகசாலைச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை தீர்ந்தது.

ஆகவே இச்சங்கத்து வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றேன். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் இங்கே கூடுங்கள். ஒரு செல்போனும், ஒரு கோடு போட்ட நோட்டும் போதும். ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் எண், வகை, தூரம், பிசகு, யார் அளந்தது, எந்த வருஷம் என்று தமிழில் எழுதுங்கள். வீட்டுப் பெண்களையும், பெண் குழந்தைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். தூரத்தை அளக்கும் கோலைக் கண்டுபிடித்தது ஒரு பெண். புதுவித மேகத்தைக் கண்டதும் ஒரு பெண். இதைக் கேட்ட பிறகும் பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குத்தான் முதலில் படிப்பு வேண்டும். (கைத்தட்டல்) ஒரு வருஷத்தில் ஐம்பது பொருள்கள் சேரும். அந்த நோட்டு இந்த ஊருக்குச் சொந்தமான ஆகாயக் கணக்காக இருக்கும். அதில் தப்பு வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தம் எழுதுங்கள். பழையதைக் கிழித்துப் போடாதீர்கள்; எங்கே பிசகினோம் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும்.

ஆண்ட்ரோமீடாவிலிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது, பூமியில் மனிதன் இன்றைய உருவத்தில் உண்டாகியிருக்கவில்லை. எனவே கோயிலும் இல்லை, ஜாதியும் இல்லை, மேலோன் கீழோனும் இல்லை. அவ்வளவு பழைய ஒளியை அளந்து கணக்கெழுதிக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றார்கள். திறந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே என்ன இருக்கின்றது என்று வேறொருவனிடம் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு அழகல்ல.

நான் இதுவரை சொன்ன எண்களையும், வருஷங்களையுங்கூட நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். எம் 31, என்ஜிசி 7293, ஐசி 2497, ஆர் ரெடிகுலி என்ற நான்கையும் குறித்துக்கொண்டு போய் நீங்களே தேடிப் பாருங்கள். நான் சொன்னதில் பிசகிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு; பதில் சொல்ல வேண்டியது என் கடமை என்று சொல்லி என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகின்றேன்.